ஒடிந்த ஏழு

ஒலொமோட்ஸ் நகரத்துக்கு வெளியே
மூடிப்போன சர்க்கரை ஆலையின் முற்றத்தில்
ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு
துருவுக்குச் சந்தை.
விடியுமுன்பே டார்ச் விளக்கோடு வந்துவிடுவார்கள்
ஒற்றைப் பெடலுக்கு,
கார்பைடு விளக்கின் மூடிக்கு,
அறுந்த செயினில் அரை முழத்துக்கு.

எனக்கு அங்கே ஒரு மடக்கு மேசை.
பூதக்கண்ணாடி, பல்துலக்கி, மண்ணெண்ணெய்ப் புட்டி.
பெயர் யாருக்கும் தெரியாது, டாக்டர் என்பார்கள்.
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வயது சொல்வேன்.
கூலி ஒரு சாசேஜ், தொட்டுக்கொள்ளக் கடுகு.

பெயிண்டை நம்பக் கூடாது, அது எந்த இரும்பிலும் ஒட்டும்.
சீட்டை நம்பவே கூடாது,
ஒவ்வொரு போருக்குப் பிறகும் மாறியிருக்கும்.
குழாய்கள் கூடும் மூட்டின் வளைவைப் பார்க்க வேண்டும்.
தலைக்குழாயில் கம்பெனித் தகட்டுக்கான துளைகள்
மேலும் கீழுமா, இடமும் வலமுமா?
கம்பெனிகள் செத்துப்போகும்.
துளைகள் அங்கேயே இருக்கும்.

பதினோரு மணிக்குத் தூறல்.
லுபோர் என்றொருவர், ப்ரெரோவ் நகரத்துப் பல் மருத்துவர்,
போர்வை சுற்றிக் கொண்டுவந்தார்
காய்ச்சல்காரக் குழந்தையைப் போல.
"பவேரியாவில் ஏலம் எடுத்தேன். நாரைக் கம்பெனி.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு.
மொத்தமே நானூறுதான் செய்தார்களாம்."

முன்சக்கரத்தின் பற்களை எண்ணினேன். இருபத்தாறு.
"நானும் பல்லைப் பார்த்தே வயது சொல்வேன்" என்று சிரித்தார்.
மர ரிம் சரி.
பித்தளை நாரை சரி, ஒற்றைக் காலில், அலகில் மீனோடு.
துளைகள்கூடச் சரி.
அதுதான் உறுத்தியது.
நூறு வருஷத்துப் பொருளில்
ஏதாவது ஒன்றாவது தப்பாக இருக்கும்.

பெடல் அச்சின் அடியில் பல்துலக்கியால் தேய்த்தேன்.
அழுக்குக்குள்ளிருந்து எண் எழுந்தது. 317.
ஏழுக்குக் கால் ஒடிந்திருந்தது.

அந்தக் காலை எனக்குத் தெரியும்.
எண் அச்சு சிமென்ட் தரையில் விழுந்து ஒடிந்த இரவு
எனக்குத் தெரியும்.
தொழிற்சாலை சம்பளத்தை நிறுத்திய ஜனவரி.
மூன்று செத்த சைக்கிள்களை ஒன்றாக்கி,
உப்பும் வினிகரும் பூசி
கோழிக்கூண்டின் தரையில் ஆறு வாரம் புதைத்துவைத்தேன்.
எல்லை தாண்டி வந்தவன்
எண்ணூறு மார்க் எண்ணிக் கொடுத்தான்.
நிலக்கரி வந்தது. மிலாதாவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது.
களவும் கற்று மற என்பார்கள்,
நானும் மறந்துதான் போயிருந்தேன்.

இப்போது பார்த்தால்
நான் வரவழைத்த துருவின் மேல்
தானாக வந்த துரு, மெல்லிசாக, நிஜமாக.
எது என்னுடையது, எது மழையுடையது
என்று பிரிக்க என் கண்ணாடிக்கே தெரியவில்லை.

"என்ன, டாக்டர்?"

சாசேஜ் ஆறிக்கொண்டிருந்தது.
சொல்லாமல் விடலாம்.
நான் தொண்ணூற்றேழு என்றால் சந்தையே தலையாட்டும்.
அவர் விரல் பிரேக் பிடியைத் தடவிக்கொண்டிருந்தது,
அவருக்கே தெரியாமல்.

"தொண்ணூற்றேழு இல்லை. தொண்ணூற்றொன்று."
"அடடா, இன்னும் ஆறு வருஷம் மூத்ததா!"
முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.
அந்த மலர்ச்சியோடு அப்படியே அனுப்பியிருக்கலாம்,
இரண்டு நொடி
அனுப்பத்தான் நினைத்தேன்.

பிறகு வாயால் சொல்ல வராமல் அட்டையை எடுத்தேன்.
வருடம்: 1991.
தயாரிப்பு: கொபெச்னி.
நனையாமல் கையால் மறைத்துக் கொடுத்தேன்.

படித்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.
மறுபடி படித்தார்.
மழை, தலைகீழாய்க் கிடந்த சக்கரத்தை
மெல்லச் சுற்றிவிட்டது போலிருந்தது,
காற்றாகவும் இருக்கலாம்.

"கொபெச்னி," என்றார் கடைசியில்,
"கேள்விப்பட்டதில்லையே.
அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்,
கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி,
எண்ணூறு மார்க்
இன்றைக்கு எவ்வளவு என்று தெரியாமல்.